கடைசி வீட்டுக் குழாய் வரை: கிராமக் குடிநீர் வழங்கல் எப்படி இயங்குகிறது?

கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் யாரையேனும் நிறுத்தி "தண்ணீர் வருகிறதா?" என்று கேட்டால், "எந்தத் தண்ணிங்க?" என்றுதான் பெரும்பாலும் திருப்பிக் கேட்பார்கள். பவானியிலிருந்தோ காவிரியிலிருந்தோ அமராவதியிலிருந்தோ நெடுந்தொலைவு குழாயிலேயே வந்து சேர்வது நல்ல தண்ணீர். ஊருக்குள் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து இறைத்து விடுவது உப்புத் தண்ணீர். சில ஊர்களில் அதைச் சப்பைத் தண்ணீர் என்பார்கள். முன்னது குடிக்கவும் சமைக்கவும். பின்னது துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் மாட்டுக்குக் காட்டவும். ஒரு வீட்டின் வாசலில் எந்தக் குடத்தில் எது இருக்கிறது என்பது அந்த வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து கிளம்பி, யார் கைபட்டு, எந்த வழியாக வாசலுக்கு வருகிறது என்பது பெரியவர்களிலும் பலருக்குத் தெரிவதில்லை. தண்ணீர் நின்றுபோகும் நாளில் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் போவதற்கும் அதுவே காரணம்.

ஓர் ஊரின் குடிநீர் வழங்கல் நம்பகமானது என்று எப்போது சொல்லலாம்? போதிய அளவுத் தண்ணீர், குடிக்கத் தக்க தரத்தில், முன்பே தெரிந்த நேரத்தில், ஊரின் கடைசி வீட்டுக் குழாயிலும், சித்திரை வைகாசியிலும் வர வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் திட்டம் முடியவில்லை என்றே பொருள். தொட்டி கட்டியாயிற்று, குழாய் நட்டாயிற்று என்பதெல்லாம் வேலையின் கணக்கு. தண்ணீரின் கணக்கு கடைசி வீட்டில்தான் தொடங்குகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஊரகப் பகுதியில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வரையறுக்கிறது. முன்பு இருந்த அளவு 40 லிட்டர். ஆயிரத்து ஐந்நூறு பேர் வாழும் ஊருக்கு நாளொன்றுக்கு 82,500 லிட்டர் வேண்டும். பேருந்து நிறுத்தத்திலோ பள்ளிக்கூடத்தின் அருகிலோ நாம் பார்க்கும் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியை ஒரு நாளில் ஏறக்குறைய மூன்று முறை நிரப்பினால்தான் இது கிடைக்கும். "தொட்டிதான் இருக்கிறதே, தண்ணீர் ஏன் போதவில்லை?" என்ற கேள்விக்கு விடை, பல ஊர்களில் இந்த ஒற்றைப் பெருக்கல் கணக்கிலேயே இருக்கிறது.

இனி நீராதாரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் நிலம் நம்முடையது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்குக் குளிர்ந்த காற்றைத் தருகிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. நாம் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான். கோவை, திருப்பூர்ச் சமவெளியில் ஆண்டு மழை சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர். மாநிலச் சராசரியோ 900 மில்லிமீட்டருக்கும் மேல். மண்ணுக்குக் கீழே உடனே பாறை. கடினப் பாறைக்குள் தண்ணீர் ஏரிபோலத் தேங்கி நிற்பதில்லை; விரிசல்களில் மட்டும் ஒளிந்து கிடக்கிறது. அதனால்தான் ஒரு தோட்டத்தில் 300 அடியில் தண்ணீர் கிடைக்க, வரப்பைத் தாண்டிய அடுத்த தோட்டத்தில் 1,000 அடி போட்டும் பாறைத்தூள் வெறும் புகையாகப் பறக்கிறது.

போர் போட்ட அன்று "இரண்டு இஞ்சு தண்ணீர்" என்று ஊரே மகிழ்வதுண்டு. அந்த மகிழ்ச்சி நியாயமானதே என்றாலும், அன்றைய அளவை வைத்து ஓர் ஊரின் குடிநீரைத் திட்டமிடக் கூடாது. விரிசல்களில் பல காலமாகச் சேர்ந்த தண்ணீர் முதல் சில நாள்களில் வெளியே வந்துவிடும். அதன்பின் மழை எவ்வளவு உள்ளே இறங்குகிறதோ அவ்வளவே கிடைக்கும். ஆகவே மோட்டாரைப் பல மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஏறுகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். கோடையில் அளந்தால் இன்னும் நல்லது. நிமிடத்துக்கு 80 லிட்டர் தரும் கிணற்றில் பத்து மணி நேரம் இறைத்தால் 48,000 லிட்டர் கிடைக்கும். நாம் மேலே பார்த்த ஊருக்கு அது போதாது; இன்னொரு ஆதாரம் வேண்டும் என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

நிலத்தடி நீரை மீண்டும் ஊறச் செய்யும் குளம், குட்டை, தடுப்பணை ஆகியவையும் குடிநீர்த் திட்டத்தின் உறுப்புகளே. பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பின் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தை இந்தக் கண்கொண்டு பார்க்க வேண்டும். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி.யை இறைத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 நீர்நிலைகளுக்குக் கொண்டுசெல்வது அதன் நோக்கம். அந்தத் தண்ணீர் நேராக யார் வீட்டுக் குழாய்க்கும் போவதில்லை. குட்டையில் நின்று, மண்ணுக்குள் இறங்கி, சுற்றியுள்ள கிணறுகளுக்கு உயிர் தருகிறது. குட்டைக்கு வரும் ஓடையை அடைத்துக் கட்டடம் எழுப்பிய ஊரில் எத்தனை போர் போட்டாலும் வறண்டுதான் போகும் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உள்ளூர் ஆதாரம் போதாத இடத்தில் கைகொடுப்பது கூட்டுக் குடிநீர்த் திட்டம். 1971இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இத்தகைய திட்டங்களை வடிவமைத்து நடத்துகிறது. ஆற்றில் எடுத்த நீரில் படிகாரம் சேர்த்துக் கலங்கலைப் படியவைத்து, மணல் வடிகட்டியில் செலுத்தி, குளோரின் கலந்து, பெரிய குழாய்களில் பல ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். ஊர் எல்லையில் உள்ள தரைமட்டத் தொட்டியில் அது வந்து விழுகிறது. அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி வீடுகளுக்கு விடுவது ஊராட்சியின் பொறுப்பு. எங்கே யாருடைய பொறுப்பு முடிகிறது, யாருடையது தொடங்குகிறது என்பதைத் தெரிந்துவைத்திருந்தால், தண்ணீர் வராத நாளில் பாதி அலைச்சல் மிச்சம். தரைமட்டத் தொட்டியில் தண்ணீர் விழுகிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள். விழவில்லை என்றால் கோளாறு ஊருக்கு வெளியே. விழுகிறது என்றால் ஊருக்கு உள்ளே.

தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை போதாது. வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொருக்கு உதிர்வதையும், சோப்பு நுரைக்காமல் திரிவதையும், துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தும் வேகாமல் முறைப்பதையும் நம் வீட்டுப் பெண்கள் பரிசோதனைக் கூடம் இல்லாமலேயே கண்டுசொல்வார்கள். அது கடினத்தன்மை: பாறையிலிருந்து கரைந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள். இந்தியத் தரநிலையின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவுக்கு இந்த எல்லைகள் 500, 2,000. இவை நாக்குக்கும் பாத்திரத்துக்கும் தெரியும்.

கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாதவையே அஞ்சத் தக்கவை. ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை படியும், எலும்பு இறுகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பட்ட பாடு அது. காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் திட்டம் அதற்காகவே வந்தது. உரமும் கழிவும் ஊறிய கிணற்றில் நைட்ரேட்டு ஏறும். அதன் எல்லை 45 மில்லிகிராம், அதற்கு மேல் தளர்வே கிடையாது. "கொதிக்கவைத்துக் குடித்தால் சரியாகிவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகா. நீர் ஆவியாகிக் குறைவதால் மிஞ்சிய நீரில் அவற்றின் செறிவு கூடவே செய்யும். நொய்யலில் 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்ட கதை நம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்து ஊர்கள் வெளியூர் ஆற்றை எதிர்பார்ப்பது வசதிக்காக அல்ல.

கிருமிக்கு மருந்து குளோரின். ஊராட்சிகளில் அது பிளீச்சிங் பவுடராக வருகிறது. பவுடரில் கால் பங்கு குளோரின் இருந்தால் 1,000 லிட்டருக்கு 4 கிராம், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் என்பது எளிய கணக்கு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத்தான் திறக்க வேண்டும். வாய் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் இருக்காது, போட்டும் போடாததுபோலத்தான். சரியாகப் போட்டிருக்கிறார்களா என்பதைக் கடைசி வீட்டுத் தண்ணீரே சொல்லும்: அங்கும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். சிறு குப்பியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் தோன்றும் மஞ்சள் நிறத்தைக் கொண்டு இதை அறியலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இத்தகைய களப் பரிசோதனைப் பயிற்சி அளிக்க ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொட்டியிலிருந்து வாசல் வரையிலான பகுதிக்கு வருவோம். ஊரின் குடிநீர்ச் சண்டைகள் அனைத்தும் பிறக்கும் இடம் இதுதான்.

மேல்நிலைத் தொட்டியை உயரத்தில் கட்டுவது அழுத்தத்துக்காக. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். அந்த அழுத்தம் குழாயின் உரசலிலும், திருப்பங்களிலும், வழியிலுள்ள ஒவ்வொரு குழாயிலும் செலவாகிக்கொண்டே போகும். கொங்கு நாட்டு நிலம் மேடும் பள்ளமுமானது. வீடுகளும் தெருவோடு நிற்பதில்லை. ஊருக்குள் வளவு, அதைத் தாண்டிக் காலனி, அதற்கும் அப்பால் தோட்டத்துச் சாளை வீடுகள் என்று சிதறிக் கிடக்கும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் பள்ளத்து வீடுகள் முதலில் குடிக்கும். மேட்டு வீட்டுக் குழாய் "புஸ்" என்று காற்றை மட்டும் ஊதும். பள்ளத்து வீட்டார் யாரையும் ஏமாற்றவில்லை, தண்ணீர் தன் இயல்புப்படி போகிறது. அந்த இயல்பைத் தெரிந்து ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு வைத்து, முறைவைத்துத் திறப்பதுதான் வழி.

குழாயின் அகலமும் அதே அளவு முக்கியம். விட்டம் இரட்டித்தால் உள்ளே ஓடக்கூடிய தண்ணீர் இரு மடங்காவதில்லை. நான்கு மடங்குக்கும் மேல் கூடுகிறது. இதைத் திருப்பிப் பார்த்தால், செலவை மிச்சம் பிடிக்க ஓர் அளவு சிறிய குழாயைப் பதித்தால் இழப்பு நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கும். எங்கள் ஊரில் ஒருமுறை பாறையை உடைக்கும் செலவுக்கு அஞ்சி, குழாயை ஒரு முழ ஆழத்துக்கும் குறைவாகவே பதித்துவிட்டுப் போனார்கள். முதல் உழவுக்கு டிராக்டர் ஏறியபோதே குழாய் விரிந்தது. புதிதாக நட்ட குழாய்க் கம்பங்கள் வாசல்தோறும் பளபளவென்று நிற்க, மேட்டுத் தெருவுக்கு ஐந்து மாதம் ஒரு சொட்டும் வரவில்லை. விரிசல் சிறிதுதான். ஆனால் நிமிடத்துக்கு 2 லிட்டர் கசிந்தாலே நாளொன்றுக்கு 2,880 லிட்டர் மண்ணில் போகிறது. அது 52 பேரின் ஒரு நாள் பங்கு. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் வெறுமையாக இருக்கும்போது, அதே விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே புகவும் கூடும். குழாயோடு மின்மோட்டாரை இணைத்து உறிஞ்சும் வீடு செய்யும் கேடும் இத்தகையதே: அடுத்த வீட்டின் பங்கை எடுப்பதோடு, வெளியே தேங்கிய அழுக்கையும் குழாய்க்குள் இழுத்துவிடுகிறது. இதைத் திருட்டு என்று சொல்லத் தயங்கக் கூடாது என்பது என் கருத்து.

இந்த வேலைகளை எல்லாம் ஒரு கையில் வைத்திருப்பவர் தொட்டி இயக்குபவர். ஊர் வழக்கில் தண்ணி உடறவர். இருட்டோடு அவர் வண்டியை நிறுத்தி, மண்மூடிய வால்வுக் குழியின் பலகையைத் தூக்கி, உள்ளே தேள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நீண்ட சாவியை நுழைத்துத் திருகுவதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை திருகு திருகினால் மேட்டுத் தெருவுக்கு ஏறும் என்பது அவர் கைக்கு மனப்பாடம். கடைசிச் சாளையில் இருக்கும் மூதாட்டி, "ஏங்கண்ணு, இன்னைக்காச்சும் இங்க வந்து சேருமா?" என்று கேட்டார். "வந்துருமுங்காத்தா, கீழ் வளவை அடைச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார் அவர். அந்த அறிவு எந்த வரைபடத்திலும் எழுதப்படவில்லை. அவர் காய்ச்சலில் படுத்தால் ஊரே தடுமாறுகிறது. எந்த வால்வு எங்கே இருக்கிறது, எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை ஒரு நோட்டில் எழுதிவைப்பதும், இரண்டாவது ஆள் ஒருவரைப் பழக்குவதும் காசில்லாமல் செய்யக்கூடிய பெரிய சீர்திருத்தம். அவருடைய ஊதியத்தைக் காலத்தில் தருவதும் அதில் சேரும்.

மோட்டார் எரிந்துபோவது இன்னொரு நிச்சயமான நிகழ்வு. 900 அடி ஆழத்தில் தொங்கும் மோட்டாரை வெளியே எடுக்க, 20 அடி நீளக் குழாய்கள் 45ஐ ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். பிறகு எரிந்த கம்பிச் சுருளை (காயிலை) மாற்றிக் கட்டக் கொடுத்து வாங்கி மறுபடி இறக்க வேண்டும். பம்பு செய்வதில் பேர்பெற்ற கோவை அருகிலிருந்தும், பணம் ஒதுக்கவும் ஒப்புதல் வாங்கவும் ஆகும் நாள்களில் ஊர் காய்ந்துவிடுகிறது. மாற்று மோட்டார் ஒன்றைத் தயாராக வைத்திருக்கும் ஊராட்சியில் இரண்டு நாளில் தண்ணீர் வந்துவிடும். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். குடிநீர் மோட்டாருக்கு ஊராட்சி கட்டணம் செலுத்துகிறது. ஒன்றிய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியத்தில் ஒரு பங்கு குடிநீருக்கென்றே ஒதுக்கப்பட்டது. வீடுகள் செலுத்தும் குழாய் வரியும் சேர்ந்தால்தான் கட்டணம், பழுது, பிளீச்சிங் பவுடர், ஊதியம் எல்லாம் நடக்கும். "தண்ணீருக்குக் காசா?" என்று கேட்பவர்கள் இந்த வரவு செலவைக் கிராம சபையில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. கோடைக்கு முன்பாக இதைப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

நேரம் தெரியாத வழங்கலுக்கு நாம் தரும் விலை ஒன்று கணக்கில் வருவதே இல்லை. நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளைக்கு ஒருமுறை என்று வரும் ஊரில், வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரத்திலும் பிடித்துவைப்பார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ அதே ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடியைச் சரியாக மூடச் சொல்லிச் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக வருகிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தால் அத்தனை பாத்திரமும் தேவைப்படாது. பெண்கள் வேலைக்குப் போவதையும், பிள்ளைகள் பள்ளிக்கு நேரத்தில் கிளம்புவதையும் கூட அந்த நேரமே தீர்மானிக்கிறது. பனியன் நிறுவனத்தின் வேன் ஏழு மணிக்கு வந்துவிடும். தண்ணீர் ஏழேகாலுக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று.

உங்கள் ஊர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு 10 லிட்டர் வாளியும் கடிகாரமும் போதும். தண்ணீர் விடும் நாளில் ஊரின் கடைசி வீட்டுக்கு, கூடுமானால் மேட்டில் உள்ள வீட்டுக்குப் போய், வீட்டாரிடம் சொல்லிவிட்டு வாளியைக் குழாயடியில் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர். நால்வர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 220 லிட்டர். அதைப் பிடிக்க 44 நிமிடம் ஆகும். தண்ணீர் அரை மணி நேரந்தான் விடுகிறார்கள் என்றால், எவ்வளவு குறைகிறது என்பது அங்கேயே கையில் கிடைத்துவிடும். அந்த எண்ணையும் தேதியையும் எழுதிக்கொண்டு, அடுத்து மேலே உள்ள வால்வுக்கு நடந்து போங்கள். மே மாதத்தில் இதையே மறுபடியும் செய்யுங்கள்.